விருந்தாளிக்குத் தெளித்த தண்ணீர்

ஏற்றுமதி வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். கப்பலில் சரக்கு ஏற்றுவது, சுங்கத்தில் காத்துக் கிடப்பது, வங்கியோடு மல்லுக்கட்டுவது இதையெல்லாம் சொல்லித்தர உங்களுக்கு ஆட்கள் இருக்கிறார்கள். அதில் நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எனக்கு ஒரு குணம் உண்டு. எங்கள் வீட்டில் அதை வியாதி என்பார்கள். ஒரு காரியம் ஏன் இப்படி நடந்தது என்று மனதில் பட்டுவிட்டால் கேட்காமல் இருக்க மாட்டேன். உறவுக்காரர் கல்யாணத்தில் சாம்பார் ஏன் இரண்டாம் பந்தியிலேயே தீர்ந்தது என்று சமையல்கட்டுக்குப் போய் விசாரித்தவள் நான். அந்தக் குணம் ஒருமுறை எங்கள் கம்பெனியை இழுத்து மூடும் இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தியது. அந்தக் கதையை மட்டும் சொல்கிறேன். பாடம் வேண்டுமென்றால் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

செங்கல்பட்டுக்கு வெளியே எங்கள் ஷெட் இருந்தது. மண் தோண்டும் பொக்லைன் வண்டிகளுக்குப் பக்கெட்டும் அதன் இரும்புப் பற்களும் செய்துகொடுத்தோம். முதலாளி லேத் முன்னால் நின்று வளர்ந்த மனிதர். நான் ஆபீஸ் வேலைக்குச் சேர்ந்து, பிறகு விற்பனை பார்த்து, கடைசியில் ஏற்றுமதியும் என் தலையில் விழுந்தது. ஆங்கிலம் தடுமாறாமல் பேசுகிறவள் நான் ஒருத்திதான். வேறு தகுதி எதுவும் கிடையாது.

அந்த வருடம் எங்களுடைய பெரிய வாடிக்கையாளர் வேலை கொடுப்பதை நிறுத்திவிட்டார். பாதி மெஷின்கள் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தன. முதலாளி எல்லோரையும் கூப்பிட்டு ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். "பொங்கல் வரிக்கும் பாப்போம்பா. வேல வரலேன்னா ஷெட்ட வாடகைக்கு வுட்டுட்டு அவங்கவங்க வழிய பாத்துக்கலாம். யாரும் என்ன தப்பா நெனச்சுக்காதீங்க."

எங்கள் கையில் மிச்சமிருந்த ஒரே நம்பிக்கை ஒரு புதுச் சாமான். அதற்குப் பட்டறையில் வைத்த பேர் நண்டு. பொக்லைன் கையில் பக்கெட்டைக் கழற்றிவிட்டு இதை மாட்ட வேண்டும். நண்டுக்கொடுக்கு போல இரண்டு தாடைகள் மண்ணுக்குள் இறங்கி மரத்தைக் கவ்வித் தூக்கும். எல்லா மரத்துக்கும் அல்ல, சீமைக்கருவேலத்துக்காக மட்டும் செய்தது. அந்த மரத்தின் கதை உங்களுக்குத் தெரியும். வெட்டினால் ஒன்று பத்தாக வரும். மண்ணுக்குச் சற்றுக் கீழே, தண்டும் வேரும் சேருகிற இடத்தில் ஒரு கழுத்து இருக்கிறது, முளைப்பதெல்லாம் அங்கிருந்துதான். கழுத்தோடு எடுத்தால் மரம் செத்தது. கழுத்து உள்ளே நின்றுவிட்டால் நாம் செய்தது வெறும் முடிவெட்டு. நண்டு கழுத்துக்குக் கீழே கவ்வும்.

இதே மரம் கென்யாவிலும் ஆட்டம் போடுகிறது என்பது அங்கிருந்து விசாரணை வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. வறண்ட பகுதியில் ஆடுமாடு மேய்க்கிறவர்களின் சங்கம் ஒன்று, மேய்ச்சல் நிலத்தை இந்த மரத்திடமிருந்து மீட்க இயந்திரம் தேடிக்கொண்டிருந்தது. அவர்கள் சார்பில் செலினா என்ற பெண் எழுதினார். ஐந்தாறு மாதம் கடிதப் போக்குவரத்து நடந்தது. நண்டின் எடை கேட்டார்கள், சொன்னோம். எந்தத் துறைமுகம் என்று கேட்டோம், சொன்னார்கள். பெயிண்ட் என்ன நிறம் என்பதுவரை பேசியாயிற்று. கடைசியில், நேரில் பார்த்துத்தான் வாங்குவேன் என்று செலினா கிளம்பி வந்தார்.

வந்தது வைகாசி வெயிலில். மாமல்லபுரத்தில் தங்க வைத்தோம். கல் கோயில்களைப் பார்க்கலாமா என்று கேட்டேன். "முதலில் ஆடு பார்க்கலாமா?" என்றார். திருவிடந்தை தாண்டி ரோட்டோரம் ஒரு மந்தை மேய்ந்துகொண்டிருந்தது. காரை நிறுத்தச் சொல்லி இறங்கியவர், ஒரு கிடாவின் தாடையைப் பிடித்து வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். அதை விட்டுவிட்டு அடுத்தது. பிறகு அதற்கடுத்தது. ஆட்டுக்காரப் பெண் குச்சியோடு ஓடிவந்தாள்.

"இன்னாமா இது, ஆட்டுக்குப் பல்லு வெளக்கி வுடப் போறாங்களா? வாங்கற மாதிரி கீதா, இல்ல சும்மா பாத்துகினு கீறாங்களா?"

மொழிபெயர்த்தேன். செலினா விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு விளக்கினார். அவர்கள் ஊரில் புல் அழிந்து இந்த மரம்தான் மிச்சம். ஆடுகளுக்குக் கோடை முழுக்க இதன் காய்தான் தீனி. காய் இனிப்பு, பல்லில் ஒட்டிக்கொண்டு பல்லை அரித்துவிடும். பல் விழுந்த ஆடு, எதிரே பச்சை இருந்தாலும் கடிக்க முடியாமல் செத்துப்போகும். "இங்கே வேறு தீனியும் கலந்து கிடைக்கிறது. உங்கள் ஆடுகள் அதிர்ஷ்டசாலிகள்" என்றார். இவரை அனுப்புவதற்குச் சங்கத்தில் ஆளாளுக்கு ஆடு விற்றிருக்கிறார்கள் என்பதையும் அந்த ரோட்டோரத்தில்தான் சொன்னார்.

மறுநாள் டெமோ. திருவிடந்தையிலிருந்து உள்ளே தள்ளி, தாங்கல் என்று இந்தப் பக்கம் சொல்லுகிற சின்ன ஏரி ஒன்று. வறண்ட படுகை முழுக்கச் சீமைக்கருவேலம். எடுத்துத் தருகிறோம் என்று ஊர்க்காரர்களிடம் அனுமதி வாங்கியிருந்தோம். சாமியானா போட்டு, நாற்காலி போட்டு, இளநீர் வெட்டி வைத்து, யாரோ ஒரு புண்ணியவதி கோலமும் போட்டிருந்தாள். எங்கள் ஆபரேட்டர் ஏழுமலை சலவைச் சட்டையில் வந்திருந்தார். அவரை அதற்குமுன் கிரீஸ் இல்லாமல் நான் பார்த்ததே இல்லை.

முதல் மரம். தாடைகள் தயிரில் கரண்டி இறங்குவது போல இறங்கின. மூடின. மரம் கழுத்தோடு மேலே வந்தது. இரண்டாவது அதைவிடச் சுலபம். மூன்றாவது வந்தபோது செலினா எழுந்து நின்று கை தட்டினார். இரண்டு நண்டு கேட்டிருந்தவர், ஆறு வேண்டும், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்றார். நான் அதைத் தமிழில் சொன்னதும் முதலாளி துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெல்டர்கள் அங்கேயே விசில் அடித்தார்கள். ஆறு என்றால் ஷெட் பிழைத்தது என்று அர்த்தம்.

நானும் சந்தோஷமாகத்தான் இருந்தேன். ஆனால் இதே தாங்கலில் மாசி மாதம் சோதனை ஓட்டம் நடந்தபோது வண்டி முக்கி முனகியது நினைவுக்கு வந்தது. அப்போதைவிட இப்போது வெயில் அதிகம், தரை இன்னும் இறுகியிருக்க வேண்டும். எப்படி இவ்வளவு சுலபமாக வருகிறது? எடுத்துப்போட்ட மரத்துக்குப் பக்கத்தில் குனிந்து வேரைத் தொட்டேன். சேறு கையில் ஒட்டியது. வைகாசி மாதத்தில் ஏது சேறு? ஏழுமலையைத் தனியே கூப்பிட்டேன்.

"ஏழுமலை, இங்க மழை எதாவது பேஞ்சிச்சா?"

"மழையா? இன்னா மேடம் நீங்க, சித்திரையிலேந்து ஒரு சொட்டு இல்ல."

"அப்ப இந்த ஈரம்?"

அவர் முகம் மலர்ந்தது. "அதுவா! நம்ம மச்சான் ஈசிஆர் ரிசார்ட்டுக்கெல்லாம் தண்ணி லாரி ஓட்டிகினு கீறான் இல்ல? அவன இட்டுகினு வந்து தண்ணி வுட்டேன். முந்தாநாள் சாய்ந்திரம் ஒரு லோடு, நேத்து ஒரு லோடு. வெளிநாட்லேந்து வர்றாங்க, தூசி பறந்தா நல்லாவா இருக்கும்? நம்ம வூட்டுக்கு ஒருத்தங்க வந்தா வாசல் தெளிக்க மாட்டமா?"

"மரத்தடியிலயுமா விட்டீங்க?"

"அங்கதான் மேடம் நெறய வுட்டேன். நெழல்ல தான வந்து நிப்பாங்க."

படுகை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. விட்ட தண்ணீரெல்லாம் வெடிப்பு வழியாக நேரே வேருக்கு இறங்கியிருக்கிறது. "தண்ணி விட்டா வேர் தளரும்னு உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டேன். அவர் தலையைச் சொறிந்தார். "தெரியும் மேடம். ஆனா அத்த நெனச்சி வுடல." அது சத்தியமான வார்த்தை. அவர் ஏமாற்ற நினைத்திருந்தால் என்னிடம் இவ்வளவு பெருமையாகச் சொல்லியிருக்க மாட்டார்.

நான் உத்தமி என்பதால் இதைத் தோண்டவில்லை. தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியாததால் தோண்டினேன். ஆனால் தெரிந்த பிறகு முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற சாமர்த்தியம் என்னிடம் இல்லை. முதலாளியைச் சாமியானாவுக்குப் பின்னால் அழைத்துப்போய்ச் சொன்னேன்.

"இன்னா செல்வி, விருந்தாளி வர்ற எடத்துல தண்ணி தெளிச்சது ஒரு குத்தமா?"

"தெளிச்சது குத்தம் இல்ல சார். அதப் பாத்துட்டு அவங்க வாங்கறாங்களே."

"மிசினு மரத்த புடுங்கிச்சா இல்லியா? ரெண்டு கண்ணால பாத்தாங்க இல்ல? அவங்க ஊர்ல மழையே பெய்யாதா? மழ பெஞ்ச அப்பால புடுங்கிக்கட்டும். அப்டின்னு கடுதாசில ஒரு வரி சேத்துரு, முடிஞ்சுது."

சாப்பாடு பரிமாற ஆரம்பித்திருந்தார்கள். இலை எடுத்ததும் ஆர்டர். முதலாளி சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. எல்லாக் கருவிக்கும் பருவம் உண்டு. ஈர மண்ணில்தான் வேலை செய்யும் என்று சொல்லி விற்றால் யாரும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் எனக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது.

"அவங்க எந்த மாசத்துல வேலை செய்வாங்கன்னு மட்டும் கேட்டுட்டு வரேன் சார்."

"கேக்காத செல்வி." அவர் என் கையைப் பிடித்துக்கொள்ளாத குறை. "கேட்டா பதில் வரும்."

இத்தனை வருட வேலையில் அதைவிட உண்மையான பேச்சை நான் கேட்டதில்லை. இருந்தாலும் போய்க் கேட்டேன். செலினா கூட்டில் பிசைந்த சோற்றை ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மரம் எடுக்கும் வேலையை எந்தக் காலத்தில் வைத்திருக்கிறீர்கள் என்றேன்.

"கோடையில்தான், வேறு எப்போது? மழை வந்தால் மரம் நிற்கிற ஆற்றங்கரை முழுக்க வண்டி புதைந்துவிடும். மண் கல்லாகக் கிடக்கிற மாதங்களில்தான் உள்ளேயே போக முடியும்."

முதலாளி எனக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார். அவருக்கு அந்த அளவு ஆங்கிலம் புரியும். நான் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, நண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று தலையசைத்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் அசைக்கவில்லை. நான் சொல்லிவிட்டேன். உங்கள்மீது தூசி படக்கூடாது என்று இந்தத் தரைக்கு இரண்டு நாளாகத் தண்ணீர் விட்டிருக்கிறோம், இது நிஜமான தரை அல்ல என்று.

செலினா கையைக் கழுவிக்கொண்டு வந்து கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவு தண்ணீர்?"

ஏழுமலையின் மச்சானுடைய லாரி புளியமரத்தடியில் நின்றிருந்தது. அதைக் காட்டி, அது நிறைய, இரண்டு தடவை என்றேன். அவர் லாரிக்குப் போனார். டேங்கின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டே ஒரு சுற்று நடந்தார். குடிக்கிற தண்ணீரா என்று கேட்டார். ஆமாம் என்றேன். தன் காலைக் குனிந்து பார்த்தார். "என் செருப்புக்காகவா?"

ஏழுமலை என் காதில் கிசுகிசுத்தார். "இன்னா மேடம், கோச்சிகினாங்களா? பேஜாரா பூடுச்சா?"

செலினா அவரைக் கூப்பிட்டு அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "எங்கள் ஊரில் இவ்வளவு தண்ணீரை யாரும் யாருக்காகவும் மண்ணில் ஊற்ற மாட்டார்கள். என் கல்யாணத்துக்குக்கூட ஊற்றவில்லை. இதற்காக நான் உங்களைத் திட்டவும் முடியாது, இதை மறக்கவும் முடியாது" என்றார். நான் மொழிபெயர்த்தேன். ஏழுமலைக்குப் பாதிதான் புரிந்தது. ஆனாலும் வெட்கப்பட்டுக்கொண்டு நின்றார்.

செலினா கையை விட்டார். "சரி. இப்போது தண்ணீர் படாத மரம் ஒன்றைக் காட்டுங்கள்."

தாங்கல் கரையின் வெளிச்சரிவில் கல்லும் செம்மண்ணுமாக இறுகிய கிரவல் தரை. ஏழுமலை வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். தாடைகள் தரையைப் பிறாண்டின, உள்ளே இறங்கவில்லை. இன்னும் அழுத்தியதும் வண்டியின் பின்சக்கரம் எழும்பியது. கடைசியில் தரைக்கு மேலேயே தண்டைக் கவ்வி இழுத்தார். மரம் படாரென்று முறிந்தது. கழுத்து உள்ளே பத்திரமாக இருந்தது. நண்டின் பல் ஒன்று வளைந்து மேலே பார்த்தது. விசில் அடித்த வெல்டர்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள்.

"இதை நான் வாங்க முடியாது" என்றார் செலினா. கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் வலித்தது.

முதலாளி வளைந்த பல்லைத் தடவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, என் வழியாக இல்லாமல் நேராக அவரையே தமிழில் கேட்டார். "உங்க ஊர் மண்ணு எப்டிமா இருக்கும்?"

நான் சொன்னதும் செலினா சிரித்துவிட்டார். "இவ்வளவு மாதமாக எழுதிக்கொண்டிருக்கிறோம். இப்போதுதான் கேட்கிறீர்கள்." கொஞ்சம் யோசித்தார். "மண்ணை வாயால் சொல்லத் தெரியவில்லை. போய் எப்படியாவது தெரிவிக்கிறேன்." அன்று மாலையே விமானத்துக்குப் போய்விட்டார்.

மறுநாள் ஷெட்டில் யாரும் என்னைத் திட்டவில்லை. ஒரு வெல்டர் மட்டும் பக்கத்திலிருந்தவரிடம் சொல்வது போல எனக்குக் கேட்கச் சொன்னார். "வாயி சும்மா இருந்திருந்தா எல்லா வயிறும் நெறஞ்சிருக்கும்." நான் பாத்ரூமில் போய் அழுதுவிட்டு வந்தேன். முதலாளி தினமும் டீ வந்ததும் "செல்வி, டீ" என்று ஒரு குரல் கொடுப்பார். அந்தக் குரல் நின்றது. நேர்மையாக இருந்தால் மனம் லேசாகும் என்று உங்களுக்கு யாராவது சொல்லியிருந்தால் நம்பாதீர்கள். எனக்கு அப்போது பாரமாகத்தான் இருந்தது.

கொஞ்ச நாள் கழித்து செலினாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. வெளிநாட்டு மண்ணை உறையில் போட்டு அனுப்பச் சட்டம் விடாது; பூச்சியும் நோயும் கூடவே வந்துவிடும். அதனால் அவர் சத்தத்தை அனுப்பியிருந்தார். ஒல்லியான ஒரு ஆள் கடப்பாரையை ஓங்கித் தரையில் போடுகிறார். ணங். கடப்பாரை துள்ளுகிறது. மறுபடி அதே இடத்தில். ணங். அவ்வளவுதான் வீடியோ.

முதலாளி அதைப் போட்டுப் போட்டுக் கேட்டார். போனைக் காதில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு என் மேசைக்கு வந்தார். "செல்வி, இந்த சத்தம் நம்ம ஜில்லாவுல எங்க கேக்கும்?"

அதற்குப் பிறகு நாங்கள் செய்த காரியத்தைப் பார்த்தவர்கள் எங்களுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள். முதலாளி, ஏழுமலை, நான் மூன்று பேரும் காரில் கடப்பாரையைப் போட்டுக்கொண்டு கிளம்புவோம். தரிசு தெரிந்தால் இறங்கி ஓங்கி ஒரு போடு. கல்பாக்கம் போகிற வழியில் போட்டோம், மணல், சத்தமே இல்லை. பாலாற்றுப் பக்கம் போட்டோம், சொத்தென்றது. ஒரு களர் நிலத்தில் கேட்ட சத்தம் கிட்டத்தட்ட சரியாக இருந்தது. ஏழுமலை "அதான் சார்" என்றார். முதலாளி வீடியோவை இன்னொரு தடவை கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். ஒரு மனைப்பிரிவில் காவல்காரர் எங்களை மடக்கிவிட்டார்.

"இன்னா அண்ணாத்த, பொதையலா? எனக்கும் பங்கு உண்டா?"

"பொதையல் தான்பா. கெடச்சா சொல்லி அனுப்பறேன்" என்றார் முதலாளி. அதைக் கேட்டு நான் சிரித்தேன், அவரும் சிரித்தார். எங்களுக்குள் இருந்த மௌனம் அந்த மனைப்பிரிவோடு போயிற்று.

ஆனால் அவசரமும் இருந்தது. ஐப்பசியில் மழை பிடித்துவிட்டால் இந்த மாவட்டத்தில் காய்ந்த தரை என்பதே அடுத்த கோடைவரை கிடையாது. அதற்குள் பொங்கல் வந்துவிடும். ஆவணிக் கடைசியில் செங்கல்பட்டுக்குத் தெற்கே ஒரு கைவிட்ட கல்குவாரியின் ஓரத்தில் ஏழுமலை கடப்பாரையைப் போட்டார். ணங். முதலாளி வீடியோவைப் போட்டார். ணங். எது போனில் வந்தது, எது தரையில் வந்தது என்று தெரியவில்லை. அங்கே சீமைக்கருவேலத்துக்கும் பஞ்சமில்லை.

அங்கேதான் முதலாளி ஒன்றைக் கவனித்தார். துள்ளித் துள்ளி விழுந்தாலும், ஒரே இடத்தில் போட்டால் கடப்பாரை கடைசியில் உள்ளே இறங்கிவிடுகிறது. அகலமான தாடையால் முடியாததை ஒல்லியான மூக்கு செய்கிறது. நண்டின் தாடை நுனிகளை அறுத்துவிட்டு, முன்னால் கடப்பாரை மூக்கு வைக்க ஆரம்பித்தார்கள். எத்தனை மூக்கு உடைந்தது என்று வெல்டர்களைத்தான் கேட்க வேண்டும். தார்ப்பாய் போர்த்திக் கிடந்த மெஷின்களில் ஒன்றிரண்டு மறுபடி ஓடின. அது ஆர்டரால் அல்ல, முதலாளியின் பிடிவாதத்தால்.

புரட்டாசியில் ஒருநாள், மேகம் கூடுகிறதே என்ற பயத்தோடு குவாரி ஓரத்தில் எல்லோரும் கூடினோம். சாமியானா இல்லை, இளநீர் இல்லை. செலினாவை வீடியோ காலில் கூப்பிட்டு என் போனை உயர்த்திப் பிடித்தேன். அவருக்குப் பின்னால் அவர் ஊர்க்காரர்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றிருந்தார்கள்.

"முதலில் கடப்பாரை" என்றார் செலினா.

போனைத் தரையில் வைத்தேன். முதலாளியே ஓங்கிப் போட்டார். மறுமுனையில் சத்தமில்லை. லைன் போய்விட்டதோ என்று எடுத்துப் பார்த்தேன். போகவில்லை, அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "எங்கள் ஊர்தான்" என்றார் செலினா. "இப்போது மரத்தை எடுங்கள்."

ஏழுமலை லீவரைத் தள்ளினார். மூக்கு தரையில் முட்டி நின்றது, நடுங்கியது, இறங்கியது. தாடை மூடியது. வண்டி முக்கியது. ஒரு பிடி கிரவலை வாரி இறைத்துக்கொண்டு மரம் மேலே வந்தது. போனைக் கிட்டே கொண்டுபோய்க் காட்டினேன். கழுத்து முழுசாக இருந்தது.

எங்கள் ஆட்கள் கத்தினார்கள். செலினா கத்தவில்லை. திரும்பி யாரையோ கூப்பிட்டார். கழுத்து நிறைய மணிமாலை அணிந்த ஒரு அம்மாள் வந்து திரை முழுக்க நிறைந்தார். செலினாவின் தாயார். ஆடு மேய்க்கிறவர். மரத்தைப் பார்க்கவில்லை, குழியைக் காட்டச் சொன்னார். காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு ஏதோ கேட்டார்.

"இது இனிமேல் திரும்ப வராதா என்று அம்மா கேட்கிறார்" என்றார் செலினா.

ஆர்டர் இன்னும் வாய்வார்த்தையாகக்கூட வரவில்லை. பொங்கலுக்கு நான்கு மாதம்கூட இல்லை. நான் தமிழில் சொல்லி முடித்ததும் எல்லோரும் முதலாளியைப் பார்த்தோம். வராது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது பொய்யும் அல்ல.

"சொல்லு செல்வி" என்றார் அவர். "இந்த மரம் வராது. ஆனா மண்ணுல கெடக்குற வெத மொளைக்கும். வருசா வருசம் மொளைச்சிகினே தான் இருக்கும். அத்த எங்க மிசினு ஒண்ணும் பண்ண முடியாது. சின்னதா கீறப்பவே கைல புடுங்கிப் போடணும். வுட்டா மறுபடி காடு தான். அப்டியே சொல்லு, ஒண்ணும் கொறைக்காத."

ஏழுமலை வண்டியிலிருந்தே தலையில் கை வைத்துக்கொண்டார். நான் ஒன்றும் குறைக்காமல் சொன்னேன். செலினா தன் மொழியில் சொன்னார். அந்த அம்மாள் கடைசிவரை கேட்டார். பிறகு ஒரே வரியில் பதில் சொன்னார். பின்னாலிருந்த கூட்டம் மொத்தமும் சிரித்தது.

செலினாவும் சிரித்து முடிக்கக் கொஞ்சம் நேரம் ஆயிற்று. "கையால் பிடுங்கத்தான் நாங்கள் இத்தனை பேர் இருக்கிறோமே, பெரியதை மட்டும் எடுத்துக் கொடுக்கச் சொல் என்கிறார். ஆறு நண்டும் எப்போது கப்பலேறும்?"

நான் அதை முதலாளியிடம் சொன்னேன். அவர் கடப்பாரையைப் பிடித்துக்கொண்டே அந்தக் கிரவல் தரையில் உட்கார்ந்துவிட்டார்.